அக்காவின் சம்மதம்

'அடுக்கு' என்ற மென்பொருளை எழுதியவர்கள் ஓர் அக்காவும் அவள் தம்பியும். அப்போது இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா போனபின் சும்மா கிடந்த முன்னறையில், ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து எழுதினார்கள். கம்ப்யூட்டரை இயக்கும் இலவச அமைப்பான லினக்ஸில் பல வகை உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு கூட்டம் தன் சொந்த நேரத்தைப் போட்டுக் கட்டிக் காக்கிறது. இவர்கள் சேர்ந்திருந்த கூட்டத்திடம் நல்லதொரு பேக்கேஜ் மேனேஜர் இல்லாமல் இருந்தது.

ஒரு கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மென்பொருள்கள் குடியிருக்கின்றன. ஒன்றுக்கு இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றுக்கு வேறொன்று வேண்டும். எது முதலில் வர வேண்டும், எது பிறகு என்று பார்த்து, வந்து சேர்ந்தது அசல்தானா என்று சோதித்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதுதான் பேக்கேஜ் மேனேஜரின் வேலை. ஒழுங்காக நடந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. சொதப்பினால் எழுதியவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள்.

'அடுக்கு' சொதப்பவில்லை. கொஞ்சம் நிதானம்தான். ஆனால் பாதியில் மின்சாரம் போனாலும், இணையம் அறுந்தாலும், கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து விட்டுவிடும். பள்ளிக்கூடங்கள் வைத்துக்கொண்டன, நூலகங்கள் வைத்துக்கொண்டன, அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியும் வைத்துக்கொண்டது.

தம்பிக்குக் கல்யாணம் ஆனது, பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. இனி நேரமில்லை என்று அவனே சொல்லி ஒதுங்கிக்கொண்டான். அக்காவுக்கும் கல்யாணம் ஆனது, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் பொறுப்பும் கூடியது. அவள் ஒதுங்கவில்லை. ஆரம்ப நாட்களில் யாராவது சந்தேகம் கேட்டால் தம்பி 'அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுதுவான். அதனால் அந்த லினக்ஸ் கூட்டத்தில் நரைத்த தாடிக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அவள் அக்காதான்.

விடிந்ததும் காபியோடு மேசைக்கு வந்துவிடுவாள். யாரோ ஓர் ஆசிரியரின் வகுப்பறையில் அப்டேட் நின்றுபோயிருக்கும். யாரோ ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதி, பிறகு தவறு தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் நழுவியிருப்பார். எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் குளிக்கப் போவாள். மருந்துக்கடை வைத்திருந்த அவள் கணவர் கேலி பேசுவார், தன் கடை அடுக்கில் மாத்திரை மாறினால்கூட இவ்வளவு பேர் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று. கேலி பேசினாலும் அந்த நேரத்தில் வீட்டு வேலையில் ஒன்றுக்கும் அவளைக் கூப்பிடமாட்டார்.

தம்பி அம்மாவோடு நகரத்தின் மறுபக்கம் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வருவான். கொஞ்ச காலமாக வந்ததும் 'அடுக்கு' பற்றிப் பேச ஆரம்பித்திருந்தான். புதிய பதிப்பை வைத்தபிறகும் பழையதை ஏன் உடனே அழிப்பதில்லை, வந்தது அசல் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தை ஏன் இரண்டு முறை சோதிக்கிறாய், இந்த இடத்தில் வேறு வழி முயன்று பார்த்தாயா என்றெல்லாம் கேட்பான். அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கணவர் காது கொடுப்பார், ஆனால் அவருக்குப் புரியாது. ஆஸ்பத்திரியில் யாருக்கும் அக்கறை இல்லை. இவன் ஒருத்தனுக்குத்தான் கேட்கவும் தெரியும், புரிந்துகொள்ளவும் தெரியும். அதனால் எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். வெற்றிகளை மட்டுமல்ல, முட்டிமோதிக்கொண்ட இடங்களையும், மாதக்கணக்காக ஒரு தப்பான வழியில் போய்த் திரும்பிவந்த கதைகளையும் சொன்னாள்.

ஒருநாள் இரண்டு மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று தேவையாக இருந்தால் எதை முதலில் வைப்பது என்று பேச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் கணவரும் தம்பியும் கையில் பாத்திரங்களோடு சமையலறை வாசலில் முட்டிக்கொண்டார்கள். 'நீங்க போங்க மாமா', 'இல்ல இல்ல, நீ போ' என்று இருவரும் நகராமல் நின்றார்கள். அக்கா சிரித்துக்கொண்டே இருவர் சட்டையையும் பிடித்து ஒன்றாக உள்ளே இழுத்தாள். இதுதான் வழி, மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரையும் ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்றாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உடம்பு சரியில்லை. அந்த வாரம் முழுக்க ஒருவன் அவளை விடாமல் வம்புக்கு இழுத்திருந்தான். தட்டைக் கழுவிக்கொண்டே, களைப்பாக இருக்கிறது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எங்காவது போய்விடலாமென்று இருக்கிறது என்று தம்பியிடம் சொன்னாள். அவன் அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, நீ போய்ப் படு என்றான்.

அந்த வருடக் கூட்டம் ஒரு கல்லூரி அரங்கத்தில் நடந்தது. லினக்ஸ் கூட்டத்தார் வருடத்துக்கு ஒருமுறை நேரில் கூடுவது வழக்கம். ஒரு கம்பெனி தன் புதிய பேக்கேஜ் மேனேஜரை அறிமுகப்படுத்தப்போகிறது, பெயர் 'பாய்ச்சல்', 'அடுக்கு' இருக்கும் இடத்தில் இனி அதை வைக்கலாமா என்று பொறுப்பாளர்கள் யோசிக்கிறார்கள் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், நல்லதாக இருந்தால் வரட்டுமே, என் பிள்ளை மட்டும்தான் முதல் மதிப்பெண் வாங்க வேண்டும் என்று சட்டமா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு நடுவரிசையில் போய் உட்கார்ந்தாள். தம்பியின் கம்பெனிதான் அது. அந்தக் கம்பெனியில் ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். தான் வேறு ஏதோ பிரிவு என்றுதான் அவன் அவளிடம் சொல்லியிருந்தான்.

மேடையேறிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தெளிவாகப் பேசினாள். 'பாய்ச்சல்' நிஜமாகவே வேகமாக இருந்தது. பழைய பதிப்பை உடனே அழிக்காமல் வைத்திருந்தது. கையொப்பத்தை இரண்டு முறை சோதித்தது. கெட்டிக்காரர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்கள் போல என்று அக்கா முதலில் நினைத்தாள். லேசாகப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அந்தப் பெண், ஒன்றுக்கொன்று தேவையான இரண்டு மென்பொருள்கள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். சமையலறை வாசலில் மாமனும் மச்சானும் பாத்திரத்தோடு 'நீங்க போங்க, நீ போ' என்று நிற்பதாக வைத்துக்கொள்வோம் என்றாள். இரண்டு பேர் சட்டையையும் பிடித்து உள்ளே இழுப்பதுபோல் கையைக் காட்டினாள்.

அரங்கம் சிரித்தது. பக்கத்து இருக்கைக்காரரும் சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். அவள் கை மடியிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் பொறுப்பாளர் குழுத் தலைவர் அவளைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர், அவளைவிட வயதில் மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கண்ணில் நீர் தேங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் நீங்கள் செய்ததற்கு நன்றி சொல்லி மாளாது, இவ்வளவு பெரிய மனசோடு விட்டுக்கொடுக்க யாருக்கு வரும் என்றார்.

எதை விட்டுக்கொடுத்தேன் என்று கேட்டாள் அக்கா.

"உங்க தம்பி எல்லாத்தையும் சொன்னாரு. அக்காவுக்கு முழுச் சம்மதம், ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க, எல்லாத்தையும் விட்டுட்டுப் போகணும்னு அவங்களே என்கிட்ட சொன்னாங்க, நேர்ல கேட்டா சங்கடப்படுவாங்க, அதனால யாரும் கேக்காதீங்கன்னாரு. அவர்தானே 'பாய்ச்சல்' எழுதின குழுவுக்குத் தலைவர்? உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் தம்பி பொய்யன் என்றாகிவிடும்; அந்த நேரத்திலும் அவனைக் காப்பாற்றத்தான் நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போதுதான் உறைத்தது: சம்மதம் என்றதைத் தவிர அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. களைப்பாக இருக்கிறது என்று அவள் சொன்னது உண்மைதான். விட்டுவிட்டுப் போகலாம்போல் இருக்கிறது என்றதும் உண்மைதான். தட்டு கழுவும்போது கூடப்பிறந்தவனிடம் புலம்பியதை எடுத்துக்கொண்டுபோய் ராஜினாமாவாகக் கொடுத்திருக்கிறான்.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அம்மா கதவைத் திறந்தாள். தம்பி மனைவி குழந்தையோடு வெளியே போயிருந்தாள். அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே அம்மா கூட்டம் முடிந்துவிட்டதா என்று விசாரித்தாள். கூட்டத்துக்குப் போகிறேன் என்று அக்கா அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன்தான் சொன்னான். இன்னைக்கு வரைக்கும் அக்காகிட்ட மூச்சு விடாதேம்மான்னான். எனக்கென்ன புரியுது உங்க கம்ப்யூட்டர் கதையெல்லாம்? ஏதோ உனக்கு நல்லது பண்றான்னு நினைச்சேன்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவும் அவளோடு தினமும் போனில் பேசுபவள்தான். இன்றைக்கு என்ன சமையல், மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று கேட்கும் அதே வாயில் இது இத்தனை நாள் பூட்டியிருந்திருக்கிறது.

தம்பி வந்தான். செருப்பைக் கழற்றும்போதே அவளைப் பார்த்துவிட்டான். உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்து, தயார் செய்து வைத்திருந்ததுபோல் பேச ஆரம்பித்தான். கம்பெனி எப்படியும் இதைச் செய்திருக்கும், எவனோ ஒருத்தன் செய்து உன் வேலையைக் குப்பையில் போடுவதற்குப் பதில் நான் செய்தால் உன் யோசனைகளாவது உயிரோடு இருக்குமே என்று நினைத்தேன் என்றான். வெளியே சொல்லக்கூடாது என்று கம்பெனியில் எழுதி வாங்கியிருந்தார்கள் என்றான். நீ படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை, விடிந்தால் எவன் எவனிடமோ திட்டு வாங்கிக்கொண்டு, எதற்காக என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் தழுதழுத்தது. அதுவும் நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் இன்னும் எரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. அதுக்குத்தான்டா கேக்கறது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா நடுவில் புகுந்து, ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும், போனதை விடுங்கள் என்றாள். அக்கா அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. எந்த வாரத்துல இருந்துடா நீ எனக்காக வராம அதுக்காக வந்தே?"

அவன் வாயைத் திறந்தான். அவன் யோசிப்பதை அவள் பார்த்தாள். அவனுக்கே தெரியவில்லை என்பதும் புரிந்தது. அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோதுதான் அழுகை வந்தது. மென்பொருள் போனால் போகட்டும் என்றாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்து, இது எனக்கா, அதற்கா என்று பிரித்துப் பார்க்கிறேனே, இந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன் என்றாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று ஆரம்பித்த கணவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்துத் தம்பி வந்தான், ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில். கூடத்தில் நின்றபடியே வந்த விஷயத்தைச் சொன்னான்.

'அடுக்கு' வெளியிடும் எந்த அப்டேட்டுக்கும் அக்காவின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பத்தைப் போடும் சாவி கட்டைவிரல் அளவு கருவியாக அவள் பீரோவில் இருந்தது. தம்பிக்கும் ஒரு காலத்தில் ஒரு சாவி இருந்தது. ஒதுங்கியபோது அவனே ரத்து செய்யச் சொல்லிவிட்டான். இப்போது ஊரெல்லாம் இருக்கும் கம்ப்யூட்டர்கள் 'பாய்ச்ச'லுக்கு மாற வேண்டுமென்றால், 'அடுக்கு' கடைசியாக ஒரு பதிப்பு வெளியிட்டு, அதுவே 'பாய்ச்ச'லைக் கொண்டுவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். அக்கா கையொப்பம் போடாவிட்டால், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் நூலகத்திலும் யாராவது உட்கார்ந்து கையால் மாற்ற வேண்டியிருக்கும். பாதிப் பேருக்கு அது தெரியாது. அவர்கள் பழையதிலேயே நின்றுபோவார்கள். பாதுகாப்பு அப்டேட்டுகளும் அவர்களுக்குப் போகாது.

அவள் சம்மதம் முழுதாக இருக்கிறது என்று கம்பெனியில் சொல்லிவைத்தவன் அவள் கையொப்பம் போடுவாள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தான்.

"போடலைன்னா?"

"என் வேலை போனாலும் போகும்," என்றான். பிறகு அதைச் சொன்னதற்கே வெட்கப்பட்டவன்போல் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

கணவர் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். அவன் குடுமி தன் கையில் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் அது இனிக்கத்தான் செய்தது. அப்புறம் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வரிசையாக இருந்த கம்ப்யூட்டர்கள் ஞாபகம் வந்தன. இங்கே அவள் இருக்கிறாள். மற்ற ஆஸ்பத்திரிகளில் யார் இருக்கிறார்கள்? 'அடுக்கு' யாரையும் பாதி வழியில் விட்டதில்லை என்பது ஒன்றுதான் அவள் இத்தனை வருடம் சம்பாதித்தது.

அவன் எழுதியிருக்கும் நிரல் வரிகளை முழுசாக அனுப்பிவைக்கச் சொன்னாள்.

மறுநாள் காலை அதை வரி வரியாகப் படித்தாள். அவன் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு வரி இடம் போதுமென்றாலும் இரண்டு விடுவான். முன்னறை மேசையில் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். நல்ல வேலைக்காரன், எப்போதும் அப்படித்தான். ஓர் இடத்தில் மட்டும் தவறியிருந்தான்: கம்ப்யூட்டரில் இடம் குறைவாக இருந்தால் புதியது முழுசாக வந்து சேருமுன் பழையது போய்விடும். முகம் தெரியாத ஆளுக்கு எழுதுவதுபோல் எழுதினாள்: 'இங்கே இடம் போதுமா என்று பார்க்கவில்லை. திருத்தி அனுப்பவும்.' ஒரு மணி நேரத்துக்குள் திருத்தம் வந்தது. 'நன்றி அக்கா' என்றும் இருந்தது. அதற்குப் பதில் எழுதவில்லை.

பீரோவைத் திறந்து கருவியை எடுத்துவந்து சொருகினாள். கையொப்பம் போட ஒரு நொடி ஆனது. ஒவ்வொரு பதிப்போடும் என்ன மாறியிருக்கிறது என்று சில வரிகள் எழுதி வெளியிடுவது அவள் வழக்கம். இந்த முறை இப்படி எழுதினாள்:

'இது அடுக்கின் கடைசிப் பதிப்பு. இது உங்கள் கம்ப்யூட்டரை பாய்ச்சலுக்கு மாற்றும். பாய்ச்சல் நல்ல மென்பொருள். படித்துப் பார்த்துவிட்டேன், நம்பி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மாற்றத்துக்கு நான் சம்மதித்ததாகச் சொல்லப்பட்டது உண்மையல்ல. என்னை யாரும் கேட்கவில்லை. நீங்கள் யாரும் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகக் கையொப்பமிடுகிறேன். இத்தோடு இந்தச் சாவியை ரத்து செய்கிறேன். இத்தனை காலம் திட்டியவர்களுக்கும் சேர்த்து வணக்கம்.'

அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஒரு வாரம் இணையம் அமளிதுமளிப்பட்டது. குழுத் தலைவர் போன் செய்து, ஒரு வார்த்தை கேட்காமல் போனோமே என்று வருந்தினார். அவர் அழுதுவிடுவாரோ என்று அக்கா பேச்சைச் சீக்கிரம் முடித்தாள். முன்பு அவளை வாட்டி எடுத்த ஆள் ஒரு பக்கத்துக்கு நன்றி எழுதினான். குடும்பச் சண்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். கம்பெனி, தகவல் பரிமாற்றத்தில் குறை நேர்ந்துவிட்டதாக மழுப்பலாக ஓர் அறிக்கை விட்டது. பிறகு எல்லோரும் 'பாய்ச்ச'லுக்கு மாறினார்கள். அது நன்றாகவே வேலை செய்தது. தம்பியின் வேலை போகவில்லை.

அவன் போனில் ஒரே ஒருமுறை பேசினான். கத்தவில்லை.

"ஊர் முழுக்க என்னைப் பொய்யன்னு ஆக்கிட்டியே அக்கா. என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல, இப்படி எழுதப் போறேன்னு."

தான் கேட்டது என்னவென்று அவனுக்கே அப்போது உறைத்திருக்க வேண்டும். மெதுவாகப் போனை வைத்துவிட்டான்.

அம்மாவின் கோபம் முழுக்க மகள் மேல்தான் விழுந்தது. அவன் தெரியாமல் ஏதோ செய்துவிட்டான், இவள் தெரிந்தே தம்பியைப் பார்த்து நாலு பேரைச் சிரிக்கவைத்தாள் என்று உறவுக்காரர்களிடம் சொன்னாள். தினமும் வந்துகொண்டிருந்த போன் நின்றது. அக்கா கூப்பிட்டால் எடுப்பாள், நன்றாக இருக்கிறேன் என்பாள், வைப்பாள்.

காலை நேரம் காலியாகக் கிடந்தது. பழக்கதோஷத்தில் காபியோடு மேசைக்குப் போய் உட்காருவாள். யாரும் திட்டவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. சில நாள் கழித்துக் காபியை வாசலுக்குக் கொண்டுபோய்க் கணவரோடு குடிக்க ஆரம்பித்தாள். அவர் செய்தித்தாளில் ஒரு தாளைப் பிரித்துக் கொடுப்பார்.

மழைக்காலத்தில் அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது, அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே. அறையும் மருத்துவரும் எல்லாம் அவள்தான் ஏற்பாடு செய்தாள். தம்பியும் அவளும் முறை வைத்துக் கூட இருந்தார்கள். ஒருவர் வந்ததும் ஃப்ளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு மற்றவர் கிளம்பிவிடுவார்கள். வலி குறைந்த அன்று, மயக்கமும் தெளிந்து, அம்மா மகளின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அக்கா கையை எடுக்கவில்லை.

அன்று முறை மாறும் நேரத்தில் தம்பி சீக்கிரமே வந்துவிட்டான். அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. அவன் இளைத்திருந்தான். காதோரம் நரை தெரிந்தது. நர்ஸ்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?"

மன்னிப்பாக இருக்கலாம். வேலையில் எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கிறானோ, அதுவாகவும் இருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து எது என்று சொல்ல ஒருகாலத்தில் அவளால் முடிந்திருக்கும்.

"அம்மாவைப் பத்தின்னா கேளு," என்றாள்.

அவன் தரையைப் பார்த்தபடி, வலி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டான்.

பின்னால், வெறும் வயிற்றில் கொடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டு, அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.